மலிவுச் சட்டையின் விலை

புதுதில்லியில் நாம் குடியிருக்கும் பகுதியில் வாரத்துக்கு ஒரு நாள், மாலை வேளையில், நடைபாதைச் சந்தை கூடுவது வழக்கம். காய்கறி, பிளாஸ்டிக் வாளி, குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்கள் ஆகியவற்றுக்கு நடுவே ஆடைகளையும் குவித்து விற்பார்கள். சென்ற மாதம் அக்குவியலில் ஒரு சட்டையைக் கண்டோம். பருத்தி நூலால் பின்னிய அரைக்கைச் சட்டை. நல்ல நீல நிறம். தையலிலும் குற்றம் சொல்வதற்கில்லை. விலை 150 ரூபாய் என்றார் கடைக்காரர். அதே தெருவின் முனையில் ஒரு தையற்காரர் இருக்கிறார். துணியை நாமே வாங்கிக் கொடுத்தாலும், ஒரு சட்டை தைப்பதற்குக் கூலியாக மட்டும் அவர் 400 ரூபாய் கேட்கிறார். அவர் பேராசைக்காரர் அல்லர். கடை வாடகையும் மின்சாரமும் போக மிஞ்சுவதைக் கொண்டே அவர் குடும்பம் நடக்க வேண்டும்.

பருத்தியை விளைவித்து, கொட்டை நீக்கிப் பஞ்சாக்கி, நூலாக நூற்று, பின்னி, வெளுத்து, சாயம் தோய்த்து, வெட்டித் தைத்து, பித்தான் வைத்து, நூற்றுக்கணக்கான கல் தொலைவு கொண்டுவந்து சேர்த்த முழுச் சட்டைக்கு 150 ரூபாய். தைப்பதற்கு மட்டும் 400 ரூபாய். இஃது எவ்வாறு இயலும்?

இயந்திரத்தின் ஆற்றலால் என்று ஒரு விடை உண்டு. அது பொய்யன்று. ஒரே அச்சில் நூறு மடிப்புத் துணியை ஒருசேர வெட்டுவதும், காலர் தைப்பவர் காலரை மட்டும், கை தைப்பவர் கையை மட்டும் நாள் முழுவதும் தைப்பதும் செலவைப் பெரிதும் குறைக்கின்றன. ஏழை எளியவரும் கிழியாத ஆடை உடுத்த முடிகிறதென்றால் அதில் இயந்திரத்தின் பங்கு பெரிது. அந்த நன்மையை மறுத்துப் பேசுவது நமது நோக்கமன்று. ஆனால் அந்த விடை கணக்கின் ஒரு பாதியையே விளக்குகிறது. மற்றப் பாதியைத்தான் இங்கே காண விழைகிறோம். செலவுகள் சில மறைந்துபோகவில்லை. அவற்றை வேறு யாரோ செலுத்திவிட்டார்கள். நாம் செலுத்தவில்லை என்பதுதான் மலிவின் இரகசியம்.

நமது தொழில் மொழிபெயர்ப்பு. ஆதலின் சொற்களிடம் சற்று நின்று செல்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. வாங்கிப் பயன்படுத்துவோரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், எரித்து அழித்தல், தின்று தீர்த்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. காசநோய்க்கே அம்மொழியில் ஒரு காலத்தில் அச்சொல்லைத்தான் வழங்கினார்கள். உடலைத் தின்று தீர்க்கும் நோய் அல்லவா? நாம் அதற்கு ஈடாக ‘நுகர்வோர்’ என்று எழுதுகிறோம். 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வாயிலாக அச்சொல் நாடெங்கும் தமிழருக்குப் பழகிவிட்டது. ஆனால் நம் பழைய நூல்களில் நுகர்தல் என்பதற்கு மற்றொரு பொருளும் உண்டு. செய்த வினையின் பயனை அனுபவிப்பதே வினைப்பயன் நுகர்தல். பொருளாதார நூலார், ஒருவர் செய்யும் தொழிலின் தீங்கு அதில் சம்பந்தமே இல்லாத இன்னொருவர்மீது விழுவதைப் ‘புறவிளைவு’ என்பர். ஆர்தர் பிகூ என்னும் ஆங்கிலேயப் பொருளியல் பேராசிரியர் 1920-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். தீங்கு செய்யும் பண்டத்தின்மீது வரி விதித்து, அத்தீங்கின் விலையையும் பண்டத்தின் விலையிலேயே ஏற்றிவிட வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. புறவிளைவு என்ற சொல்லை நாம் பலமுறை எழுதியிருக்கிறோம். ஒருமுறையேனும் அது மனநிறைவு தந்ததில்லை. சட்டையை ஒருவர் நுகர, அதன் வினைப்பயனை மற்றொருவர் நுகர்கிறார் என்று எழுத இடமிருந்தால் நன்றாயிருக்கும். அலுவலக ஆவணத்தில் அவ்வாறு எழுத இயலாது.

அந்த மற்றொருவர் யார்? சட்டை வந்த வழியே பின்னோக்கிச் சென்று பார்ப்போம்.

முதலில் பருத்தி. உலகச் சராசரியாக ஒரு கிலோ பருத்தித் துணிக்குச் சுமார் 10,000 லிட்டர் நீர் செலவாவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவ்வாறாயின் கால் கிலோ எடையுள்ள சட்டைக்கு 2,500 லிட்டர் ஆகிறது. இதில் மழைநீரும் அடக்கம் என்பதை மறக்கலாகாது. மழையை நம்பிய நிலத்தில் இந்த எண் அவ்வளவு அச்சமூட்டுவதன்று. ஆற்றைத் திருப்பிப் பருத்திக்குப் பாய்ச்சும் இடத்தில்தான் அது அச்சமூட்டுகிறது. மத்திய ஆசியாவின் ஆரல் கடல் 1960-ஆம் ஆண்டில் உலகின் நான்காவது பெரிய உள்நாட்டு நீர்நிலை. அதற்கு நீர் கொணர்ந்த ஆமு தரியா, சிர் தரியா என்னும் இரண்டு ஆறுகளையும் சோவியத் ஆட்சி பருத்தி வயல்களுக்குத் திருப்பியது. ஐம்பது ஆண்டுக்குள் அக்கடல் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. மொய்னாக் என்ற துறைமுக ஊரில் மீன்பிடிக் கப்பல்கள் மணலில் கிடக்கின்றன. இந்தக் கேட்டைச் செய்தது முதலாளித்துவம் அன்று, அரசின் திட்டமே என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். நீருக்கு விலை எழுதாதவர் யாராயினும் விளைவு ஒன்றுதான்.

நம் நாட்டில் விதர்பாவைப் பார்ப்போம். மகாராஷ்டிரத்தின் கிழக்கேயுள்ள அக்கரிசல் பூமியில் பருத்தி பெரும்பாலும் மழையை நம்பியே விளைகிறது. 2002-இல் நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தி காய்ப்புழுவைத் தானே கொல்லும் என்பது எதிர்பார்ப்பு. சில ஆண்டுகள் அவ்வாறே நடந்தது. பின்னர் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்நஞ்சுக்குப் பழகிவிட்டது. உழவர்கள் மீண்டும் மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டினர். 2017-ஆம் ஆண்டு மழைக்காலத்தின் இறுதியில் யவத்மால் மாவட்டத்தில் பூச்சிமருந்து தெளித்தவர்களுள் சுமார் இருபது பேர் நஞ்சேறி இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆளுயரம் வளர்ந்த செடிகளுக்கு நடுவே, முகத்துக்கு மூடியோ கைக்கு உறையோ இன்றி, இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து தெளித்தவர்கள் அவர்கள். பலர் நாட்கூலிக்கு வந்தவர்கள். முகமூடி விலையுயர்ந்த பொருளன்று. ஆயினும் பஞ்சின் விலையில் அதற்கு இடமில்லை.

அடுத்து, சாயம். நமது சட்டை நீல நிறம் என்றோம். இந்த நிறம் பஞ்சில் ஏறும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஓர் ஆற்றின் கதை அதில் அடங்கியிருக்கிறது. பருத்தி இழை நீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பு எதிர்மின் தன்மை அடைகிறது. இக்காலத்தில் பருத்திக்குப் பெரிதும் பயன்படும் சாயங்களும் நீரில் கரைந்தால் எதிர்மின் தன்மை கொண்டவையே. ஒத்த மின்தன்மை ஒன்றையொன்று விலக்கும் என்பது பள்ளிப் பாடம். ஆகவே சாயம் இழையை நெருங்காமல் விலகி நிற்கும். அதை நெருங்கச் செய்வதற்கு உப்பை இடுகிறார்கள். உப்பு அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையிடம் தள்ளுகிறது. அடர்ந்த நிறமாயின் ஒரு லிட்டர் சாயநீருக்கு 60 கிராமும் அதற்கு மேலும் உப்புத் தேவைப்படும். கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புத்தான் இருக்கிறது. சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்போ சிறிதும் தங்குவதில்லை. முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. இதில் இன்னும் ஒரு சங்கடம்: நிறத்தையும் அழுக்கையும் நீக்கும் சாதாரணச் சுத்திகரிப்பு உப்பை நீக்காது. தெளிந்த நீராகக் கண்ணுக்குத் தோன்றும். பயிருக்கு அது நஞ்சு.

நம் நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் பருத்திப் பின்னலாடையில் பெரும்பகுதி திருப்பூரிலிருந்து செல்வது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யல் ஆறு திருப்பூரின் நடுவே ஓடுகிறது. 1980-களில் ஏற்றுமதி பெருகியதோடு சாயப் பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் பெருகின. அவற்றின் நீர் நொய்யலில் இறங்கியது. திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையம் என்னும் ஊரில் பாசனத்துக்காக ஓர் அணை கட்டி 1992-இல் திறந்தார்கள். அணையில் தேங்கியது சாயக் கழிவுநீரே. அணை வேண்டுமென்று விண்ணப்பம் போடும் உழவரைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே அணைநீரைத் திறக்காதீர்கள், தேக்கவும் செய்யாதீர்கள் என்று உழவர்கள் மன்றாட நேர்ந்தது. கரையோரக் கிணறுகள் உப்பேறின. கிணற்று நீரைத் தென்னைக்கும் விட முடியாமல், மாட்டுக்கும் காட்ட முடியாமல் போயிற்று.

உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். வழக்குப் பல ஆண்டுகள் நீண்டது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை 2009-இல் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில் உறுதி செய்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றாத நிலையை எய்தாத சாயப் பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டது. ஊரே திகைத்தது. பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு அன்று வேலையில்லை. அந்தத் துன்பத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. பின்னர்ச் சவ்வுகளின் வழியே அழுத்தத்தால் நீரை வடித்தும், எஞ்சிய உப்புக் கரைசலைக் கொதிக்க வைத்து வற்றச் செய்தும் பெரும்பகுதி நீரைத் திரும்பப் பயன்படுத்தும் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. நீர் மீண்டும் சாயத் தொட்டிக்கே வருகிறது. உலகில் வேறு எத்தனையோ சாய ஊர்கள் செய்யாத காரியம் இது. ஆனால் கொதிக்க வைப்பதற்கு விறகோ நிலக்கரியோ மின்சாரமோ வேண்டும். அச்செலவு சாயக்கூலியில் ஏறுகிறது. அயல்நாட்டில் சட்டை வாங்கும் பெருங்கடைகள், ஆற்றில் நேரே கழிவை விடும் ஊரின் விலையையும் இவ்விலையையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிட்டுப் பார்க்கின்றன. நல்லது செய்தவர் விலையில் தோற்கிறார். இறுதியில் எஞ்சும் கலப்பு உப்பு எதற்கும் உதவாது. சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அது சேர்ந்துகொண்டே போயிற்று.

இனித் தையல். 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னதாக, வங்காளதேசத்தின் தலைநகர் டாக்காவை அடுத்த சாவர் என்னும் ஊரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. இறந்தவர்கள் 1,134 பேர். காயமுற்றவர்கள் சுமார் 2,500 பேர். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஏற்றதாகக் கட்டத் தொடங்கிய கட்டடம் அது. உரிய அனுமதியின்றி மேல்மாடிகளை எழுப்பி, ஆடைத் தொழிற்சாலைகளை அமர்த்தி, கனத்த இயந்திரங்களையும் மின்னாக்கிகளையும் ஏற்றிவிட்டார்கள்.

இடிந்ததைக் காட்டிலும் நம் நெஞ்சை வருத்துவது அதற்கு முந்தின நாள் நிகழ்ந்தது. முந்தின நாளே சுவர்களிலும் தூண்களிலும் வெடிப்புக் கண்டது. கட்டடத்தைவிட்டு அனைவரும் வெளியேற்றப்பட்டனர். கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியரை மறுநாள் வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டது. கடைகள் மூடப்பட்டன. தையல் தொழிலாளரை மட்டும் வரச் சொன்னார்கள். வராதவருக்குச் சம்பளம் இல்லை என்றும் அச்சுறுத்தினார்கள். ஏன் இந்த அவசரம்? குறித்த நாளில் சரக்குக் கப்பலேறாவிட்டால் விலையில் தள்ளுபடி கொடுக்க வேண்டும். அல்லது விமானத்தில் அனுப்பும் செலவைத் தொழிற்சாலையே ஏற்க வேண்டும். காலையில் மின்சாரம் நின்றது. மேல்தளத்து மின்னாக்கிகள் ஓடத் தொடங்கின. சற்று நேரத்தில் கட்டடம் சரிந்தது. அன்று அந்நாட்டில் ஆடைத் தொழிலாளிக்குச் சட்டப்படி உரிய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 3,000 டாக்கா. அந்த ஆண்டின் முடிவில் அது 5,300 டாக்கா ஆயிற்று. இத்தனை உயிர்கள் போனபின் ஏறிய சம்பளம்.

இது கீழை நாட்டின் இயல்பு என்று எண்ணிவிடலாகாது. 1911 மார்ச் 25-ஆம் நாள் நியூயார்க் நகரிலேயே ட்ரையாங்கிள் என்ற ரவிக்கைத் தொழிற்சாலை தீப்பற்றியபோது 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்களின் இளம்பெண்கள். வெளியேறும் கதவு ஒன்றைப் பூட்டிவைத்திருந்தார்கள். அதன் பின்னரே அம்மாநிலத்தில் தொழிற்சாலைச் சட்டங்கள் இறுகின. சட்டம் இறுகிய ஊரில் செலவு ஏறியது. காலப்போக்கில் தொழில் செலவு குறைந்த நாடுகளுக்கு நகர்ந்தது. பூட்டிய கதவும் அதனோடு நகர்ந்தது. 2012 நவம்பரில் டாக்காவுக்கு அருகே தஸ்ரீன் என்ற ஆடைத் தொழிற்சாலை எரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது அங்கும் வழிகள் அடைபட்டிருந்தன.

வங்காளதேசத்தில் சுமார் 40 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள், இத்தொழிலால் வாழ்கிறார்கள். கிராமத்தில் வேறு வருவாயே இல்லாத பெண்ணின் கையில் தன் சம்பளம் என்று ஒன்றை முதன்முதலில் வைத்தது இத்தொழில்தான். ஆகவே அந்நாட்டுச் சட்டையை வாங்காதீர்கள் என்று தொலைவிலிருந்து உபதேசம் செய்வோரின் கட்சியில் நாம் இல்லை. சாவர் விபத்துக்குப் பின் தொழிற்சங்கங்களும் அயல்நாட்டு ஆடை நிறுவனங்களும் 2013 மே மாதத்தில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. நல்லெண்ண அறிக்கைகள் அதற்கு முன்பும் பல இருந்தன; இது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்பதே வேறுபாடு. அதன்கீழ் 1,600-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைப் பொறியாளர்கள் பரிசோதித்தனர். தூண்கள் பலப்படுத்தப்பட்டன, தீத்தடுப்புக் கதவுகள் பொருத்தப்பட்டன. 2023 முதல் பாகிஸ்தானிலும் அத்தகைய ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. வங்காளதேசத்தின் எல்லா ஆடைத் தொழிற்சாலைகளையும் ஐந்து ஆண்டில் பாதுகாப்பானவையாக ஆக்குவதற்கு, ஏற்றுமதியாகும் ஆடை ஒன்றுக்கு ஏறத்தாழ 10 அமெரிக்க சென்ட் போதும் என்று தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்று அப்போது கணக்கிட்டுக் காட்டியது. நம் பணத்தில் அன்றைக்குச் சுமார் ஐந்தரை ரூபாய்.

ஐந்தரை ரூபாய் ஏன் இல்லாமற்போயிற்று? விலையைக் குறைத்துக்கொண்டே போனால்தான் மேன்மேலும் விற்க முடியும் என்பதால். உலகில் உற்பத்தியாகும் ஆடைகளின் தொகை 2000-க்கும் 2014-க்கும் இடையே இருமடங்காகி, ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடியைக் கடந்தது. மக்கள்தொகை இருமடங்காகவில்லை, ஒவ்வொருவரும் கூடுதலாக வாங்கி, முன்போல் பாதிக் காலமே வைத்திருந்தனர். இப்பெருக்கத்தில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர். அது மண்ணெண்ணெயின் உறவினர். ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத இழைகளை உதிர்த்து ஆற்றுக்கும் கடலுக்கும் அனுப்புகிறது. விற்காமல் தேங்கும் ஆடைகளை என்ன செய்கிறார்கள்? பெயர்பெற்ற பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்று, மலிவாக விற்றால் பெயர் கெடும் என்று, ஒரே ஆண்டில் 2.8 கோடி பவுனுக்கு மேல் மதிப்புள்ள சரக்கை அழித்துவிட்டதாக 2018-இல் தன் கணக்கறிக்கையிலேயே எழுதியது. தீர்த்துக்கட்டுதல் என்ற அந்தப் பழைய ஆங்கிலப் பொருள் இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

நம் இளமைக்காலம் 1980-கள். தீபாவளிக்கு ஒன்று, பள்ளி திறக்கும்போது ஒன்று, அவ்வளவே புதுத்துணி. “வளருகிற பிள்ளை, கொஞ்சம் தாராளமாய் வையுங்கள்” என்று அம்மா தையற்காரரிடம் சொல்வார். அண்ணனுக்குச் சிறிதானது தம்பிக்கு வரும். அம்மாவின் பழைய புடவை குழந்தைக்குத் தூளியாகும். தூளி கிழிந்தால் அடுப்பங்கரையில் கரித்துணி. அதற்கும் பிறகு விளக்குத் திரி. வறுமையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. தம்பியாகப் பிறந்தவர்களுக்கு அந்த வாழ்க்கை அவ்வளவு இனித்திருக்காது. துணிக்கு ஆயுள் இருந்தது என்பதற்காகச் சொல்கிறோம்.

இன்றும் தில்லியில் அந்த ஆயுளை நீட்டிக்கும் மக்கள் இருக்கிறார்கள். குஜராத்திலிருந்து வந்து குடியேறிய வாக்ரி வகுப்புப் பெண்கள் எவர்சில்வர்ப் பாத்திரங்களைத் தலையில் சுமந்து வீடு வீடாகச் சென்று, பழந்துணிக்கு ஈடாகப் பாத்திரம் கொடுக்கிறார்கள். சேர்ந்த துணி மேற்குத் தில்லியில் ரகுபீர் நகர்ச் சந்தைக்கு வரும். விடியுமுன் விளக்கு வெளிச்சத்தில் கூடும் சந்தை அது. உடுத்தக்கூடியவை துவைத்துத் தைத்து மீண்டும் விலைக்குப் போகும். இரண்டு சட்டைக்கு ஒரு கிண்ணம் கேட்டு வாசலில் பேரம் பேசும் நாம், ஒரு பெரிய தொழிலின் முதற்படியில் நிற்கிறோம் என்பதை அறிவதில்லை.

தில்லிக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் பானிப்பத்து இருக்கிறது. மூன்று போர்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்வதற்காகப் பள்ளியில் நாம் படித்த ஊர். இப்போது அங்கே வந்து குவிபவை மேலைநாடுகள் கழித்த கம்பளியாடைகள். கண்ட்லாத் துறைமுகத்தின் வழியாகப் பொதி பொதியாக வருகின்றன. உள்நாட்டில் உடையாக விற்றுவிடாதபடி வெட்டிக் கிழித்தே இறக்குமதி செய்ய வேண்டும் என்பது விதி. நம் வீட்டு அரிவாள்மணை போன்ற நிமிர்ந்த கத்திகளின் முன் பெண்கள் அமர்ந்து, பித்தானையும் பல்லிணைப்பானையும் பெயர்ச்சீட்டையும் அறுத்தெடுக்கிறார்கள். துணியை நிறவாரியாகக் குவிக்கிறார்கள். சிவப்புக்குச் சிவப்பு, நீலத்துக்கு நீலம். பிறகு இயந்திரம் அதைக் கிழித்து நாராக்கும், நார் மீண்டும் நூலாகும், நூல் கம்பளியாகும். நிறவாரியாகப் பிரித்துவிட்டதால் புதிதாகச் சாயம் தோய்ப்பது பெரும்பாலும் தேவையில்லை. நொய்யலின் கதையைக் கேட்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும். ‘ஷாடி’ எனப்படும் இம்முறையை 1813-இல் இங்கிலாந்தின் பாட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவர் தொடங்கினார். பூகம்பமோ வெள்ளமோ வந்த நாடுகளில் நிவாரணமாக வழங்கிய கம்பளிகளில் மிகப் பல பானிப்பத்தில் நெய்தவை.

ஆனால் இங்கும் கணக்கில் சேராத செலவு உண்டு. துணியைக் கிழிக்கும் கூடங்களில் நுண்ணிய தூசி பனிமூட்டம்போல் நிற்கிறது. நாள் முழுவதும் அதைச் சுவாசிப்பவர்களுக்கு இருமலும் இளைப்பும் வருகின்றன. புத்தம்புதிய பாலியெஸ்டர்க் கம்பளி இதைவிட மலிவாக வந்துவிட்டதால், ஷாடி ஆலைகள் பலவும் நலிந்தன. பழையதைப் புதுப்பிப்பதைவிடப் புதியதைச் செய்வது மலிவு என்று விலைச்சீட்டு சொல்கிறதென்றால், சீட்டில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்றுதானே பொருள்?

இப்பெண்களைப் பற்றி மேக்னா குப்தா என்பவர் 2012-இல் ‘அன்ராவல்’ என்ற சிறு ஆவணப்படம் எடுத்தார். கத்தியின் முன் அமர்ந்த பெண்கள், இத்தனை நல்ல ஆடைகளை அந்த நாட்டார் ஏன் எறிந்துவிடுகிறார்கள் என்று தமக்குள் வியந்து பேசிக்கொள்கிறார்கள். அங்கே தண்ணீர் மிகவும் விலை கூடுதல் போலும், துவைப்பதைவிடப் புதிது வாங்குவது மலிவு போலும் என்று ஊகிக்கிறார்கள். அதைக் கேட்டுப் படம் பார்ப்போர் சிரிப்பதுண்டு. நமக்குச் சிரிப்பு வரவில்லை. பொருட்களுக்கு அவற்றின் உண்மை விலை இருக்கும் என்று நம்புகிறவரின் ஊகம் அது. தண்ணீருக்கு உண்மையிலேயே விலை இருந்திருந்தால் அந்த ஆடைகள் அங்கே வந்திருக்கமாட்டா.

கழித்த துணியில் ஒரு பகுதி பானிப்பத்துக்கு வருகிறது. மற்றொரு பகுதி வேறிடம் போகிறது. கானா நாட்டின் அக்ரா நகரில் கண்டமாண்டோச் சந்தைக்கு வரும் பழைய ஆடைகளை அவ்வூர் மக்கள் தம் அகான் மொழியில் ‘இறந்த வெள்ளைக்காரரின் துணி’ என்கிறார்கள். இத்தனை நல்ல துணியை உயிரோடிருப்பவர் எறிவாரா என்பது அவர்கள் ஐயம்! விலைபோகாதவை கடற்கரையில் கயிறு கயிறாகச் சுருண்டு புதைகின்றன. சிலி நாட்டின் அட்டகாமாப் பாலைவனத்தில் ஆல்ட்டோ ஆஸ்பிசியோ என்ற ஊருக்கு அருகே மலைமலையாய்க் குவிந்த ஆடைகள் 2022-இல் தீப்பற்றி எரிந்தன. அவற்றுள் விலைச்சீட்டு அகற்றாதவையும் இருந்தன.

விலைச்சீட்டைத் திருத்தும் முயற்சி சில நாடுகளில் தொடங்கியிருக்கிறது. விற்காத ஆடைகளை அழிக்கலாகாது என்று பிரான்சு 2020-இல் சட்டம் இயற்றி 2022 முதல் நடைமுறைப்படுத்தியது. ஆடையைக் கழித்தபின் அதைச் சேகரித்துப் பிரிக்கும் செலவில் ஒரு பங்கை அதை விற்ற நிறுவனமே செலுத்தும் முறையும் அந்நாட்டில் 2007 முதற்கொண்டு உண்டு. நம் நாட்டில் மின்னணுக் கழிவுக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் அத்தகைய பொறுப்பை உற்பத்தியாளர்மீது விதிகள் சுமத்தியிருக்கின்றன. ரகுபீர் நகர்ப் பெண்களும் பானிப்பத்துப் பெண்களும் இன்று கூலியின்றியும் அரைக்கூலிக்கும் செய்யும் வேலைக்கு அத்தகைய நிதியிலிருந்து ஒரு பங்கு கிடைக்குமாயின், அது தருமமன்று. அவர்களுக்கு வரவேண்டிய பாக்கி.

நமது அலுவலகச் சட்டை ஒன்று உடல் நன்றாயிருக்க, காலர் மட்டும் நைந்துபோயிருந்தது. இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய வாரத்தில் அதைத் தெருமுனைத் தையற்காரரிடம் கொண்டுபோனோம். “மாஸ்டர்ஜி, காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுப்பீர்களா?” என்று கேட்டோம். அவர் சட்டையை வாங்கி விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார். “இதைச் செய்யச் சொல்லி யாரும் கேட்டுப் பல வருஷமாயிற்று, பாபுஜி. 60 ரூபாய் கொடுங்கள், வியாழக்கிழமை வாருங்கள்” என்றார். காலரைப் பிரிப்பதற்குச் சிறு கத்தரியைத் தேடி அவர் குனிந்தபோது கவனித்தோம். அவர் உடுத்தியிருந்தது வாரச் சந்தையில் நாம் பார்த்த அதே 150 ரூபாய்ச் சட்டை, பச்சை நிறம்.